பத்து மூட்டை 2573 மூட்டை ஆன கதை

போன மாதம் சித்தப்பா பெண் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். கும்பகோணத்தில் கல்லூரி, இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். "அண்ணா, டெக்ஸ்டை பைனரியா மாத்தி ஃபைல்ல சேமிக்கச் சொன்னாங்க. பைனரின்னா இடம் கம்மியாத்தான் ஆகும்னாங்க. நான் மாத்தினா ஃபைல் எட்டு மடங்கு பெருசாயிடுச்சு. எங்க தப்பு?"

அவள் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலைப் பார்த்தேன். 'நெல்' என்ற சொல்லை எடுத்து, அதன் ஒவ்வொரு பைட்டையும் (ஃபைலின் எட்டு பிட் துண்டு; பிட் என்பது ஒரு பூஜ்யம் அல்லது ஒரு ஒன்று) எட்டு பூஜ்யம்-ஒன்றாக மாற்றி, அந்தப் பூஜ்யம் ஒன்றுகளை வரிசையாக ஒட்டி, ஃபைலில் எழுதியிருக்கிறாள். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சினிமாவில் வருகிற கம்ப்யூட்டர் மாதிரி. ஆனால் அவள் எழுதியது பூஜ்யம் என்கிற எழுத்தையும் ஒன்று என்கிற எழுத்தையும். '0' என்ற எழுத்து ஃபைலில் 48 என்ற பைட்டாகவும், '1' என்ற எழுத்து 49 ஆகவும் போய் உட்காரும். ஒரு பிட்டைச் சொல்ல ஒரு முழு பைட். பன்னிரண்டு பைட்டில் முடிய வேண்டிய 'நெல்' 96 பைட் ஆகிவிட்டது. இணையத்தில் 'டெக்ஸ்ட் டு பைனரி' என்று போட்டால் வரும் பக்கங்களில் பெரும்பாலானவை இதைத்தான் செய்து காட்டுகின்றன, அதனால் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது.

பதிலை வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்தபோதே ஏழெட்டு வருடத்துக்கு முன் பெரியப்பாவின் மில் கணக்கோடு நான் பட்ட பாடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது, பதில் நீண்டுவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பைனரி என்பதைப் பற்றி. அப்பாயி வீட்டுச் சமையல்கட்டில் பித்தளையில் நான்கு அளவைகள் இருக்கும்: ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, அதாவது நாழி. ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இரண்டு மடங்கு. பதிமூன்று ஆழாக்கு அரிசி வேண்டுமென்றால் அப்பாயி பதிமூன்று முறை அள்ளமாட்டாள். ஒரு படி, ஒரு உரி, ஒரு ஆழாக்கு, அவ்வளவுதான். உழக்கு வேண்டாம். படியிலிருந்து வரிசையாக 'உண்டு, உண்டு, இல்லை, உண்டு' என்று எழுதினால் 1101. அது பதிமூன்றின் பைனரி. நான்கு அளவையும் ஒவ்வொரு முறை போட்டால் பதினைந்து, ஒன்றுமே போடாவிட்டால் பூஜ்யம், ஆக நான்கு பிட்டில் பதினாறு விதம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், 256 விதம், 0 முதல் 255 வரை. பள்ளிக்கூடத்தில் இரண்டடிமான எண் என்று கரும்பலகையில் போட்டு எங்களைக் குழப்பிய காலத்தில் யாராவது அந்தப் பித்தளை அளவைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கலாம்.

சரி, நெல். கண்ணுக்கு இரண்டு எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடு அட்டவணைக்கு நான்கு: ந, கொம்பு, ல, புள்ளி. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள், அதில் ந என்பது 2984. இந்த எண்ணை ஃபைலில் எப்படி வைப்பது என்பது தனிக் கேள்வி, அதற்கு இன்று எல்லோரும் பயன்படுத்தும் பதில் யூடிஎஃப்-8. 1992-இல் கென் தாம்ஸன், ராப் பைக் என்ற இரண்டு நிரலாளர்கள் நியூஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தில் போட்ட திட்டம் அது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு பார்த்தவர்களுக்கு யூடிஎஃப்-8 சட்டென்று பிடிபடும். ஒரே ஆறாக வருகிற வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. 2984 என்பது பதினாறு பிட்டில் 0000101110101000. இதை 0000, 101110, 101000 என்று நாலும் ஆறும் ஆறுமாகப் பிரித்து மூன்று பைட்டில் விட வேண்டும். முதல் பைட்டின் தலையில் 1110, மற்ற இரண்டின் தலையில் 10. கிடைப்பது 11100000, 10101110, 10101000. நமக்குப் பழக்கமான எண்ணில் 224, 174, 168. தலையில் ஒட்டிய அந்த அடையாளம் அலங்காரத்துக்கு இல்லை. 10 என்று தொடங்கும் பைட்டைப் பார்த்தால் நாம் ஒரு எழுத்தின் நடுவில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும், தமிழில் ஒன்றிரண்டு அடி பின்னால் போனால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். ஃபைல் நடுவில் எங்கே இறக்கிவிட்டாலும் வழி கண்டுபிடிக்கலாம்.

தமிழ் எழுத்து எல்லாமே 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். இதே பைட்டுகளைப் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால் 224 என்பது தலையில் கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறி. சில மின்னஞ்சல்களிலும் ரசீதுகளிலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வட்ட ஆர் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாங்குகிற மரக்கால் வேறு, கொடுக்கிற மரக்கால் வேறு என்று புலம்புவார்களே, அந்தத் தகராறுதான். நெல் அதே நெல், ஒருவர் ஒரு மரக்காலில் அளந்து கொட்டினார், அடுத்தவர் வேறு மரக்காலில் அளக்கிறார்.

பெரியப்பா மில்லுக்கு வருகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் பெரியப்பா ஒரு அரவை மில் வைத்திருந்தார், கூடவே நெல் வாங்கி விற்கிற வியாபாரமும். 2001-இல் யாரோ ஒரு பையனைப் பிடித்து கம்ப்யூட்டரில் கணக்கு எழுத ஒரு புரோகிராம் போட்டு வாங்கியிருந்தார். ஐந்து வருடம் அதில்தான் எழுதினார்கள், அப்புறம் மில்லை மூடியாயிற்று. கம்ப்யூட்டர் திண்ணையில் கோணிச் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. காயலான் கடைக்காரர் வந்து தூக்குகிற அன்றைக்குப் பெரியப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "உள்ள அஞ்சு வருஷக் கணக்கு இருக்குடா. எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் போடச் சொல்லு."

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கன்வர்ட்டர் வாங்கி மாட்டினேன். வெயிலிலும் தூசியிலும் கிடந்ததற்கு அது சுழன்றதே பெரிது. புரோகிராமைக் கிளிக் செய்தால் அதற்குத் துணையாக வேண்டிய ஏதோ ஓசிஎக்ஸ் ஃபைல் இல்லை என்றது. அதைத் தேடிப் போட்டால் கடவுச்சொல் கேட்டது. எழுதின பையன் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறானாம். ஓசிஎக்ஸ் கேட்டதால் ஒன்று மட்டும் தெரிந்தது, எழுதினது விஷுவல் பேசிக் என்ற பழைய கணினி மொழியில். பக்கத்திலேயே ஒரே ஒரு தரவு ஃபைல், 7,30,048 பைட்.

பழக்கதோஷம், முதலில் நோட்பேடில் திறந்தேன். குப்பை. ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒழுங்கான குப்பை. நடுநடுவே ஆங்கில எழுத்துகள், சம தூரத்தில் அட் குறி, நிறைய இடத்தில் டாலர் குறி, அங்கங்கே கூட்டல் குறி. டாலர் எதற்கு? நீடாமங்கலத்தில் பெரியப்பாவுக்கு யார் டாலரில் கணக்கு எழுதினது? அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. குறுவைக்கு எங்கள் பக்கத்தில் போடுகிற ரகம் ஆடுதுறை 36. அந்த 36-ஐ எழுத்தாக எழுதாமல் எண்ணாகவே வைத்திருக்கிறான். ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுத்து 1963-இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் 36-ஆவது இடம் டாலர் குறிக்கு. 43-ஆவது இடம் கூட்டல் குறி, அது ஆடுதுறை 43. நோட்பேடுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், எந்த பைட்டைக் கொடுத்தாலும் அதற்குரிய எழுத்தைத் தேடிப் போட்டுவிடும்.

டெக்ஸ்ட் ஃபைலுக்கும் பைனரி ஃபைலுக்கும் உள்ள வித்தியாசமே இவ்வளவுதான். 36 என்பதை டெக்ஸ்டாக எழுதினால் '3' என்ற எழுத்து, '6' என்ற எழுத்து, அதாவது 51, 54. எண்ணாக எழுதினால் 36. ஃபைல் இரண்டுமே பைட்தான். எந்த ஃபைலுக்குள்ளும் 'நான் டெக்ஸ்ட்', 'நான் பைனரி' என்று ரத்தத்தில் எழுதியிருக்காது.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். பைத்தானில் ஃபைலைச் சாதாரணமாகத் திறந்து, யூடிஎஃப்-8 என்று கொடுத்தேன். முதல் பதிவைக்கூடத் தாண்டாமல் பிழை. சரி என்று லத்தீன்-1 (மேலே சொன்ன மேற்கு ஐரோப்பிய அட்டவணை) என்று மாற்றினேன், அது 256 பைட்டுக்கும் ஏதோ ஒரு எழுத்து வைத்திருப்பதால் முரண்டு பண்ணாமல் திறந்துகொள்ளும். திறந்தது. உடனே புத்திசாலித்தனமாக 'ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வோம்' என்று அதை அப்படியே இன்னொரு ஃபைலில் எழுதி, அந்த நகலில் வேலையை ஆரம்பித்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதில் போனது. நெருங்கின நேரத்தில் எல்லாம் எங்கோ ஒரு பைட் நகர்ந்துவிடும். சில பேர் 2573 மூட்டை நெல் போட்டிருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, நிறைய பேர், எல்லோரும் சரியாக 2573.

விஷயம் இதுதான். விண்டோஸில் வரி முடிவு என்பது 13, 10 என்று இரண்டு பைட். நிரலுக்குள் அது 10 மட்டும். ஃபைலை டெக்ஸ்ட் என்று சொல்லித் திறந்தால், எழுதும்போது ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் பைத்தான் ஒரு 13-ஐச் சேர்த்துவிடும், நல்ல எண்ணத்தில்தான். பத்து மூட்டை நெல் போட்டவருடைய பதிவில் மூட்டைக் கணக்கு 10, 0 என்று இரண்டு பைட்டில் இருக்கிறது. பைத்தானுக்கு அது வரி முடிவாகத் தெரிந்து, 13, 10, 0 ஆக்கிவிட்டது. முதல் இரண்டு பைட்டை எண்ணாகப் படித்தால் 13 கூட்டல் 10 முறை 256, அதாவது 2573. மிச்சமான பூஜ்யம் அடுத்த விவரத்துக்கான புலத்துக்குள் போய் விழுந்து, அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பேர் கணக்கையும் ஒரு பைட் தள்ளிவிட்டது. பதிமூன்று மூட்டை போட்டவர்களுக்கும் இதே கதி: படிக்கும்போது தனி 13 முதலில் 10 ஆகி, எழுதும்போது 13, 10 ஆகி, அவர்களும் 2573. பத்தும் பதிமூன்றும் சிறு விவசாயி சாதாரணமாகக் கொண்டுவருகிற அளவுகள், அதனால்தான் அத்தனை பேர்.

செய்ய வேண்டியிருந்தது இரண்டு எழுத்து. திறக்கும்போது 'ஆர்' என்பதற்குப் பதில் 'ஆர்பி', எழுதும்போது 'டபிள்யூ' என்பதற்குப் பதில் 'டபிள்யூபி'. அந்த 'பி' போட்டால் பைத்தான் எதையும் தொடாது, பைட்டை பைட்டாகவே கையில் கொடுக்கும். நகல் எடுப்பதற்கு நிரலே எழுதியிருக்க வேண்டாம், விண்டோஸில் காப்பி பேஸ்ட் இருக்கிறது.

இப்படி அடிபட்டவர்கள் எனக்கு முன்னாலும் இருந்திருக்கிறார்கள். பிஎன்ஜி படங்களின் முதல் எட்டு பைட்டைப் பாருங்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 என்பது பி, என், ஜி. மற்றவை எல்லாம் கண்ணி. யாராவது வழியில் 13, 10-ஐ வெறும் 10 ஆக்கினாலோ, கடைசி 10-ஐ 13, 10 ஆக்கினாலோ கையெழுத்து மாறிவிடும், படத்தைத் திறக்கும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். 26 என்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஃபைல் முடிந்தது என்று அர்த்தம், அதனால் டாஸில் படத்தைத் தெரியாமல் டெக்ஸ்டாகத் திரையில் காட்டினால் குப்பை கொட்டாமல் அங்கேயே நின்றுவிடும். 137 முதலில் இருப்பது ஏழு பிட்டை மட்டும் கடத்துகிற பழைய இணைப்புகளைப் பிடிக்க. எட்டே பைட்டில் நான்கு விதமான திருட்டுக்குப் பூட்டு. இதைப் படித்த அன்று எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை போனது பற்றிய வருத்தம் கொஞ்சம் தணிந்தது.

மூலத்தை மறுபடி காப்பி எடுத்து, பைட்டுகளை எண்களாகவே காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் வேலை ஒரு பதிவு எத்தனை பைட் என்று கண்டுபிடிப்பது. நோட்பேடில் பார்த்த அட் குறி உதவியது. ஆஸ்கியில் அது 64, ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் 226. இரண்டு '226, 64' ஜோடிக்கு நடுவே எண்ணினால் 64 பைட் (அட் குறியும் 64, இடைவெளியும் 64, இது தற்செயல், இதை வைத்து ஒரு மணி நேரம் குழம்பினேன்). 7,30,048-ஐ 64-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 11,407. அவ்வளவுதான், 11,407 பதிவுகள்.

அந்த 226, 64 எது என்பதும் விஷுவல் பேசிக் தெரிந்தால் சொல்லிவிடலாம். அதில் தேதி என்பது எட்டு பைட் தசம எண், 1899 டிசம்பர் 30-ஐ பூஜ்யமாக வைத்து அன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 2003 ஜனவரி 1 என்றால் 37622. ஃபைலில் அது 0, 0, 0, 0, 192, 94, 226, 64. 2001 முதல் 2005 வரையிலான எல்லாத் தேதியும் இந்த 226, 64-இல்தான் முடியும்.

பைட் வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்டெல் வகைச் செயலிகள் எண்ணின் சின்னப் பகுதியை முதலில் வைக்கும். சி.ஆர். 1009 ரகத்துக்கு ஃபைலில் 241, 3 என்று இருந்தது. மூன்று 256, கூட 241, ஆக 1009. நேர் வரிசை என்று நினைத்துப் படித்தால் 61699 என்று இந்தப் பூமியில் விளையாத ரகம் ஒன்று கிடைக்கும்.

ஹெக்ஸ் எடிட்டரை வைத்துக்கொண்டு, பெரியப்பாவிடம் மிச்சமிருந்த பழைய ரசீது நான்கைந்தை ஒப்பிட்டு, பதிவின் அமைப்பைப் போட்டேன். பெயர் 18 பைட், ஊர் 16, சரக்கு 6, ரகம் 2, எடை 4, மூட்டை 2, தொகை 8, தேதி 8. கூட்டினால் 64. பைத்தானில் ஸ்ட்ரக்ட் என்று ஒரு தொகுதி இருக்கிறது, இந்த அமைப்பை ஒரு சின்ன எழுத்துச் சரமாகக் கொடுத்தால் பைட்டுகளைப் பிரித்துக் கையில் தரும். கொடுத்தேன். முதல் ஆளுக்குப் பெயர், ஊர், ரகம் சரி, எடை மட்டும் அபத்தம். இரண்டாவது ஆள் பெயரில் முதல் எட்டு எழுத்தைக் காணோம். மூன்றாவதில் பதினாறு எழுத்து காணோம். ஆனால் ஒன்பதாவது தடவை படிக்கும்போது பெயர் திடீரென்று ஒழுங்காக வந்தது!

ஒன்பதாவதில் சரியாகிறது என்பதுதான் துப்பு. 64 ஒன்பது முறை 576, 72 எட்டு முறையும் 576. ஆக நிரல் ஒவ்வொரு முறையும் 64-க்குப் பதில் 72 பைட் படிக்கிறது. எதற்கு? நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஸ்ட்ரக்ட் தொகுதி சி மொழிக் கம்பைலர் நினைவகத்தில் வைக்கிற மாதிரி வைக்கும். நான்கு பைட் எண் நான்கால் வகுபடும் இடத்தில், எட்டு பைட் எண் எட்டால் வகுபடும் இடத்தில் என்று நடுவில் வெற்றிடம் விட்டுக்கொண்டே போகும், வரப்பு விடுகிற மாதிரி. எடைக்கு முன்னால் இரண்டு, தொகைக்கு முன்னால் ஆறு, மொத்தம் எட்டு பைட் வரப்பு. விஷுவல் பேசிக் ஃபைலில் எழுதும்போது வரப்பே விடாது, ஒட்டி ஒட்டி எழுதும். சரத்தின் தொடக்கத்தில் கணக்கில் போடுகிற 'சிறியது' குறி ஒன்றைச் சேர்த்ததும் பைத்தான் வரப்பை எடுத்துவிட்டது, சின்னப் பகுதி முதலில் என்பதையும் அதே குறி சொல்லிவிடும். ஒரு குறி. அதற்கு இரண்டு ராத்திரி.

தொகையைப் பெரியப்பாவிடம் காட்டினபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒருவருக்கு 5,25,00,000 ரூபாய் கொடுத்திருந்தார்.

"ஏன்டா, நான் அஞ்சேகால் கோடி குடுக்குற ஆளா இருந்தா மில்ல ஏன்டா மூடுறேன்?"

விஷுவல் பேசிக்கில் பணத்துக்கென்று தனி வகை உண்டு. ரூபாயைப் பத்தாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வைக்கும். 5,250 ரூபாய் ஃபைலில் ஐந்தேகால் கோடி. பத்தாயிரத்தால் வகுக்க மறந்தது நான். அந்தப் பையன் பணத்தைத் தசம எண்ணில் வைக்காமல் இந்த வகையில் வைத்ததற்கு அவனை நான் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். தசம எண் என்று நாம் வைக்கிறது உள்ளே இரண்டின் மடங்குகளாகத்தான் இருக்கும். அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அதில் பிசகில்லாமல் உட்காரும், எல்லாமே பாதி பாதியாக வெட்டினது. பத்துப் பைசா உட்காராது. 0.1 கூட்டல் 0.2 என்று பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று சொல்லும். இப்படி அரை, கால், வீசத்தில் மட்டும் கணக்கு எழுதினவர்களுக்கு இந்தப் பிரச்சினை வந்திருக்காது, நயாபைசா வந்ததும்தான் தொல்லை.

எண்கள் முடிந்தன, பெயர்கள் மிச்சம். ஃபைலில் தமிழே இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்து, அதுவும் வாயில் நுழையாத வரிசை. சரக்கு என்ற புலத்தில் முக்கால்வாசிப் பதிவுகளில் 110, 101, 121, 59. எழுத்தாக்கினால் என், இ, ஒய், அரைப்புள்ளி. சேர்த்துப் படித்தால் நெய்! பெரியப்பா நெய் வியாபாரம் எப்போது செய்தார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ரசீதுகளின் எழுத்தைப் பார்த்ததும் புரிந்தது, பாமினி ஃபான்ட். பாமினியில் என் என்ற விசை கொம்பு, இ என்பது ந, ஒய் என்பது ல, அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் புள்ளி. நெய் என்று எழுதியிருந்தது நெல். ஃபைலுக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும், ஃபான்ட் அதன் மேல் தமிழ் வேஷம் போட்டுக் காட்டியிருக்கிறது. வேஷம் இருந்த கம்ப்யூட்டரில் நெல், இல்லாத கம்ப்யூட்டரில் நெய்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது பார்க்கச் சுலபம், ஒரு அட்டவணை வைத்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். கொரடாச்சேரி வந்து காலை வாரிவிட்டது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும், கண்ணில் தெரிகிற வரிசை. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அதை இடம் மாற்ற வேண்டும். அப்புறம் பாமினியில் துணைக்காலும் ரி, ர் என்பவற்றில் வருகிற கால் நறுக்கிய ரகரமும் ஒரே பைட், 104. 'டா' வில் அது துணைக்கால், 'சேரி' யில் அது ர. அதனால் ரி, ரீ, ர் ஆகியவற்றை முதலில் மாற்றிவிட்டு, பிறகுதான் தனியாக நிற்பதைத் துணைக்காலாக்க வேண்டும். நான் முதலில் துணைக்காலை மாற்றினேன், ஊரெல்லாம் கால் முளைத்தது.

இவ்வளவும் செய்து ஊர்ப் பட்டியல் வந்த பிறகும் தேடினால் கொரடாச்சேரி கிடைக்கவில்லை. திரையில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க கூட ஒகரக் குறி என்று ஆறு பைட், அல்லது க, கொம்பு, துணைக்கால் என்று ஒன்பது பைட். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுக்கு வேறு வேறு. என் நிரல் எழுதினது ஒன்பது, நான் விசைப்பலகையில் தட்டித் தேடினது ஆறு. இரண்டையும் ஒரே விதமாக்குவதற்கு நார்மலைஸ் செய்வது என்று பெயர், பைத்தானில் ஒரு வரி. தமிழில் தேடல் உள்ள எதை எழுதினாலும் அந்த ஒரு வரியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

சரி, மாற்றியதை அதே ஃபைல் அமைப்பில் திரும்ப எழுதலாமே என்று ஒரு யோசனை வந்து, உடனே செத்தது. பாமினியில் கொரடாச்சேரி 12 பைட், பதினாறு பைட் புலத்தில் தாராளமாக இடம். யூனிகோடில் 33 பைட். பதினாறில் வெட்டினால் 'கொரடா' வரை பதினைந்து பைட், மிச்சம் ஒரு பைட்டில் அடுத்த ச-வின் முதல் துண்டு, 224 மட்டும் தனியாக. அதைப் படிக்கப்போனால் பைத்தான் மறுபடி பிழை சொல்லும். ஊர் சட்டசபைக் கொறடா மாதிரி நிற்கும். (இடம் அளக்கும்போது எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ண வேண்டும், வெட்டும்போது எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். தங்கைக்கு இதைத்தான் இரண்டு முறை எழுதினேன்.) அதனால் எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 டெக்ஸ்டாக, காற்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரண ஃபைலாக எழுதினேன். இடம் கூடத்தான் ஆயிற்று. ஆகட்டும், இன்னும் இருபது வருடம் கழித்து எவனாவது திறந்தால் டாலர் குறியைப் பார்த்து முழிக்க வேண்டாம். இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பைனரியில் எழுது என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. படம், ஒலி, கோடிக்கணக்கில் அளவீடுகள் என்றால் பைனரி. ஒரு மில் கணக்குக்கு டெக்ஸ்ட் போதும். பைனரியில்தான் எழுதுவேன் என்றால் அமைப்பை ஒரு காகிதத்தில் எழுதி ஃபைலோடு வையுங்கள், அந்தப் பையன் வைத்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

தங்கைக்குச் சொன்ன விடை சின்னது. சொல்லை யூடிஎஃப்-8-இல் என்கோடு செய்து, அதாவது பைட்டுகளாக்கி, ஃபைலை 'டபிள்யூபி' என்று திறந்து, அப்படியே எழுது. செய்து பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். "அண்ணா, பன்னிரண்டு பைட் வந்துடுச்சு. ஆனா நோட்பேட்ல திறந்தா 'நெல்'னுதான் தெரியுது. பைனரியா மாறவே இல்லையே?" ஹெக்ஸ் எடிட்டரை இறக்கி அதில் திறந்து பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பெரியப்பாவுக்கு 11,407 பதிவையும் ஊர் வாரியாகப் பிரித்து, திருவாரூரில் ஒரு கடையில் அச்சடித்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெயர் பெயராகப் படித்து, இவர் போய்விட்டார், இவர் பையன் திருப்பூரில், இவருக்கு நான் தவிட்டுக் காசு பாக்கி என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பா பெயரும் இருந்தது, 2004 தாளடியில் பத்து மூட்டை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் 2573 மூட்டைக்காரராக இருந்திருக்கிறார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் பெரியப்பா கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. எழுத்துதான் வேற மாதிரி இருக்கு. அப்ப சீட்டுல குண்டு குண்டா இருக்குமே, அந்த மாதிரி வராதா?"

அன்று ராத்திரி யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றுகிற நிரலை எழுதினேன். இப்போது என் கணினியில் அந்தக் கணக்கு இரண்டு ஃபைலாக இருக்கிறது, ஒன்றில் நெல், இன்னொன்றில் மறுபடியும் நெய்.